பித்ரா வந்த வீடு

கிணறு இடிந்தது நோன்பு ஆறிலா ஏழிலா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் கணவர் ஆறு என்பார். பக்கத்து வளவில் இருக்கும் தங்கை, இல்லை எட்டு என்பாள். எண்பதுகளின் தொடக்கம் என்பது மட்டும் நிச்சயம். மூத்த மகளுக்கு அப்போது ஒன்பது வயது, கடைசிப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தான். அந்த வருடங்களில் நோன்பு கச்சான் காற்றோடு வந்தது. வயல் பக்கமிருந்து அடிக்கும் அந்தச் சூட்டுக் காற்றில் உதடு வெடிக்கும், பகல் முடியவே முடியாது. கடற்கரை மணலில் இறக்கிய கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய்விடும்.

எங்கள் கிணற்றிலும் வாளி தரையில் தட்டத் தொடங்கியது. இன்னும் ஒரு முழம் தோண்டினால் போதும் என்று கணவர் ஒருவரைக் கூட்டி வந்து உள்ளே இறக்கினார். அவர் அடி மண்ணை அள்ள அள்ள, மேலே அடுக்கியிருந்த சீமெந்து வளையங்கள் ஒரு பக்கமாகச் சரிந்தன. வெற்றிலை போட மேலே ஏறி வந்த நேரம், இரண்டு வளையம் வெடித்துச் சுற்றியிருந்த மணல் முழுதும் உள்ளே கொட்டிவிட்டது. ஆம், வெற்றிலை போடத்தான் ஏறினார். நோன்பு காலத்தில் அவர் ஏன் வெற்றிலை போட வந்தார் என்று கேட்க வேண்டிய கணவர் அதைக் கேட்கவில்லை. உயிர் தப்பியதற்கு அல்லாஹ்வைப் புகழ வேண்டிய நானும் புகழவில்லை. ஒரு வளையம் என்ன விலை வரும் என்று கேட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் உழைப்பவர் ஒருவர். கணவர் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பியோன். சம்பளம் சின்னது. ஆனாலும் மாதம் தவறாமல் வரும் என்பதால் ஊரில் எங்களைக் கந்தோர்க்காரர் வீடு என்பார்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். அதனால் காசுக் கணக்கு எனக்கு என்றைக்கும் குழப்பம்தான். நெல்லுக் கணக்கு மட்டும் விளங்கும். பெரும்போக வெட்டு முடிந்து நெல் மலிந்திருக்கும் நேரம் மூட்டைகளாக வாங்கி, அறையில் பலகை போட்டு அடுக்கிவிடுவேன். சிறுபோகம் வரும் வரை சோற்றுக்குப் பயமில்லை. மற்ற எதுவும் சம்பளத்தில் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, அந்த மூட்டைகளில் முதுகைச் சாய்த்தால்தான் நெஞ்சு படபடப்பு நிற்கும்.

கிணறு இடிந்த அன்று மூன்று மூட்டை மிச்சமிருந்தது.

"ரெண்ட வித்துப் போடுவம்," என்றார் கணவர்.

"மறுகா என்னத்தத் தின்ற?"

"சம்பளம் வரும்தானே."

"வந்த சம்பளம் எங்க இரிக்கி?"

"போனது போனதுதான் புள்ள. வாறது வரும். தண்ணி இல்லாம நோன்பு புடிக்கலாம், தொழுகைக்கு ஒழுச் செய்ய ஏலுமா?"

அவர் 'வரும்' என்ற சொல்லில் நின்று வாழ்கிற ஆள். நான் 'வராவிட்டால்' என்ற சொல்லில். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்பது எனக்கு விளங்காத விடயங்களில் ஒன்று. நெல் மில்லுக்காரர் வீட்டுக்கு வந்து இரண்டு மூட்டையையும் வண்டிலில் ஏற்றினார். அந்தக் காசும் போதவில்லை. வளையக்காரருக்கு இருந்த மிச்சத்தை அடுத்துவந்த சம்பளத்தில் கொடுத்தோம். பதினேழாம் நோன்பளவில் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறிவிட்டது. அறையில் ஒரு மூட்டை நெல்லு. பெருநாள் கழிந்த பிறகும் அடுத்த சம்பளத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தவை எல்லாம் சிக்கனம் என்றுதான் நினைத்துச் செய்தேன்.

பள்ளிவாசலில் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி ஊற்றுவார்கள். ஊரில் இருப்பவர், இல்லாதவர் எல்லோருமே ஒரு சின்னப் பாத்திரத்தில் வாங்கி வருவது வழக்கம். அது பரக்கத், இறைவனின் அருள் என்று ஒரு மிடறு குடிப்பார்கள். நாங்கள் வீட்டிலேயே கஞ்சி காய்ச்சுவதால் அதுவரை வாங்கியதில்லை. அந்த வருடம் மகளை அனுப்பினேன். அனுப்பியதில் பிழையில்லை. கொடுத்த சட்டியில்தான் பிழை. நோன்பு திறக்கவும் ஆகும், விடியுமுன் உண்ணும் சஹருக்குச் சோற்றைக் குறைக்கவும் ஆகும் என்று யோசித்து, வீட்டில் இருந்ததிலேயே பெரிய சட்டியைக் கொடுத்தேன். சின்னச் சின்னச் செம்புகளுக்கு நடுவில் அந்தப் பிள்ளை அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு அது தோன்றவேயில்லை.

இன்னொன்று பீங்கான் விடயம். நோன்பு திறக்கும் நேரம் அயல் வீடுகளிலிருந்து சம்சா, அடை என்று பீங்கானில் வரும். பீங்கானை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நானும் ஏதாவது பொரித்து வைத்து அனுப்புவேன். அந்த முறை எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டு வராது. அதனால் வளவில் நின்ற முருங்கையில் இலையை ஒடித்து, பீங்கானில் குவித்து அனுப்பினேன். ஒரு நாள் இல்லை, பத்துப் பன்னிரண்டு நாள். கடைசியில் தங்கையே கேட்டாள்:

"ராத்தா, நாங்க என்ன ஆடா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மற்ற வீட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை, யோசித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெருநாளுக்கு முன் கொடுத்து முடிக்க வேண்டியது பித்ரா. வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்கும் அளவு வைத்து இல்லாதவர்களுக்கு அரிசி கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை, பிடித்த நோன்பெல்லாம் வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் தொங்கி நிற்கும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர்கள் சொன்னது எனக்குள் அப்படியே இருந்தது. பெருநாள் தொழுகைக்குள் கொடுத்துவிட வேண்டும், பிந்தினால் அது பித்ரா ஆகாது. ஆகவே என்ன குறைந்தாலும் அதை நான் குறைக்கவில்லை. எங்கள் ஐந்து தலைக்கும் அளந்து ஓலைப் பெட்டியில் போட்டு வைத்தேன். கல்யாணம் முடித்த வருடத்திலிருந்து நாங்கள் பித்ரா கொடுப்பது கடற்கரை வளவில் தனியாக இருக்கும் ஒரு ராத்தாவுக்கு. அவருடைய கணவர் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்பத்துக்கு மா இடித்துக் கொடுத்துப் பிழைப்பவர்.

பிறை கண்டாச்சு என்று பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் தொடங்கியது. கணவர் மூத்த பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். நான் வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றேன். வயல்காரப் போடியார் ஒருவரின் வீட்டில் வேலைக்கு நிற்கும் பொம்பிளை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் ஒரு பை, இடுப்பில் ஒரு சின்னப் பொட்டலம்.

"இந்தாங்க, எங்கட ஊட்ட குடுத்துவிட்ட. இந்தச் சின்னது வாற வழியில ஒராள் தந்த."

"என்ன இது?"

"பித்ரா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டி யாருக்கோ போகிற அரிசியை இறக்கி வைத்து இளைப்பாற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஆருக்கு?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான். நான் சொன்ன எண்டு எங்கட ஊட்டு மாமிக்குச் சொல்லாதீங்க, அவங்கதான் சொன்ன, கந்தோர்க்காரர் ஊடு இந்த முறை நல்லாக் கஷ்டப்படுதாம். கேக்கவும் மாட்டாங்களாம்."

"ஆர் சொன்ன அப்பிடி?"

"கஞ்சிக்குச் சட்டி வருதே, பெரிய சட்டி," என்றாள். அவ்வளவுதான். நான் இன்னும் கேட்பதற்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் பின்வளவு வீட்டிலிருந்து இன்னொரு பை வந்தது. முருங்கை இலை வாங்கி வாங்கி அலுத்த வீடு அது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தத்தில்தான் எனக்குக் கண் இருண்டது.

மூன்றையும் அறைக்குள் இழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கையால் தூக்கிப் பார்த்தேன். நெல்லுக் கணக்கும் அரிசிக் கணக்கும் எனக்குக் கையிலேயே தெரியும். எங்கள் ஒரு மூட்டை நெல்லோடு இந்த மூன்றையும் சேர்த்தால் சம்பளம் வரும் வரைக்கும் சரியாகப் போதும். சேர்க்காவிட்டால் கடைசி எட்டோ ஒன்பதோ நாளுக்கு அடுப்பில் என்ன வைப்பது என்று தெரியாது. அதுவரை அந்த ஒன்பது நாளை நினைத்தே என் நோன்பு கழிந்தது. இப்போது அந்த ஒன்பது நாள் என் முன்னால் பைகளில் கிடக்கிறது. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை.

நாங்கள் கொடுக்கிற வீடா, வாங்குகிற வீடா? அதுதான் எனக்குத் தெரியாமல் போனது. வாங்கத் தகுதியில்லாதவள் வாங்கினால் மிஸ்கீன்களின் ஹக்கை, இல்லாதவர்களின் பங்கைத் தின்றவள் ஆவேன். அதுமட்டுமா, கொடுத்தவர்களுடைய பித்ராவும் பிழையாகி, அந்த இரண்டு மூன்று வீட்டு நோன்பும் என் அறைக்குள்ளே தொங்கிக்கொண்டு நிற்குமோ என்று ஒரு பயம். மாறாக, தகுதி இருந்தால்? ஒன்றுமே இல்லாதவன் ஒரு வகை, உழைப்பு இருந்தும் அது போதாதவன் இன்னொரு வகை, அவனும் மிஸ்கீன்தான் என்று பெண்களுக்கான ஒரு பயானில் கேட்ட ஞாபகம். அப்படியென்றால் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் வீட்டில் இருந்துகொண்டு நானும் மிஸ்கீன். அப்படியென்றால் ஓலைப் பெட்டியில் அளந்து வைத்திருக்கும் எங்கள் பித்ரா என்ன?

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன், திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஏன்கா திருப்பிக் குடுக்கப் போறீங்க?" என்றாள். "அவங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி."

"உன்ட மச்சானுக்குத் தெரிஞ்சா?"

"மச்சானுக்கு ஏன் தெரியோணும்? நெல்லு மூட்டைக்குப் பின்னால வைங்க. ஆம்புளயள் அறைக்குள்ள மூட்டை எண்ணுறாங்களா?"

"இது நமக்கு ஹலாலா?"

"அத என்னட்டக் கேக்காதீங்க. எனக்குக் குர்ஆன் ஓதி முடிச்சதோட எல்லாம் மறந்து பெய்த்து." கொஞ்ச நேரம் பையைப் பார்த்துவிட்டு, "நல்ல அரிசி," என்றாள்.

தங்கை சொன்னபடியே மூட்டைக்குப் பின்னால் ஒளித்தேன். கணவர் புதுத் தொப்பியும் பிள்ளைகளுக்கு இரண்டு பலூனும் வாங்கி வந்தார். ஓலைப் பெட்டியைக் கண்டுவிட்டு, "நம்மட பித்ராவ இன்னும் குடுக்கலியா? கெதியாக் குடுத்திரு. நாம குடுக்கிற ஆக்கள், கடைசி வரைக்கும் வெச்சிரிக்கப் படாது," என்றார். நான் தலையை ஆட்டினேன். மூட்டைக்குப் பின்னால் இருந்த மூன்றும் என் முதுகில் குத்துகிற மாதிரி இருந்தது.

அவர் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனதும் ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாவற்றையும் கடற்கரை ராத்தாவுக்கே கொடுத்துவிடுவது. அவர் உண்மையில் இல்லாதவர், அதில் சந்தேகம் கிடையாது. அவருடைய கையில் போய்ச் சேர்ந்தால் என்னுடையதும் நிறைவேறும், மற்றவர்களுடையதும் நிறைவேறும். ஒன்பது நாளை அல்லாஹ் பார்க்கட்டும். கைப்பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, ஓலைப் பெட்டியைத் தலையிலும் பைகளைக் கையிலும் தூக்கிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டு நடந்தேன். நல்ல வெளிச்சம் வரவில்லை. மணல் குளிர்ந்து கிடந்தது.

ராத்தா குடிலின் வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"பெருநாளும் அதுவுமா இதென்ன புள்ள, மில்லுக்கு நெல்லுக் கொண்டு போறயா?"

"பித்ரா, ராத்தா."

"ஓம், பெட்டி தெரியிது. மத்தது என்ன?"

"எல்லாம் உங்களுக்குத்தான்."

அவர் துருவலை நிறுத்திவிட்டு எழும்பி வந்தார். பைகளைப் பார்த்தார். சின்னப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"இது என்ட சீலைத் துண்டு," என்றார்.

நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"போடியார் ஊட்டுப் பொம்புளயட்ட நான்தான் குடுத்துவிட்ட. என்ட தலைக்குரியது."

"நீங்களா? உங்களுக்கு எங்க ராத்தா…"

"எனக்கு எங்கயா? நேத்து மஃரிபுக்குள்ள எனக்கு நாலு ஊட்டு அரிசி வந்து சேந்திட்டு. இண்டைக்குத் தின்னப் போக மிச்சம் இரிந்தா நானும் குடுக்கோணும்தானே. எல்லா வருசமும் குடுக்கிறன். நீ என்ன நெனச்ச, எனக்கு வாங்க மட்டும்தான் தெரியும் எண்டா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். எத்தனை வருடம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஒரு முறைகூட அவர் கொடுப்பார் என்று யோசித்ததில்லை.

"ராத்தா, எங்கட ஊட்ட சம்பளம் வருது. இது எங்களுக்கு ஆகுமோ ஆகாதோ எண்டு எனக்குப் பயமா இரிக்கி."

"எப்ப வருது?"

"இன்னும் மூணு கிழமையில."

"அது வரைக்கும் சம்பளத்த நெனச்சு நெனச்சு அவிச்சுத் தின்னுவியா?"

நான் அழத் தொடங்கினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"கேளு புள்ள. உன்ட பெட்டி எனக்கு வருசா வருசம் வாறது. அத வெச்சிற்றுப் போ. மத்த மூணும் எனக்கு வந்ததில்ல, உனக்கு வந்த. நீ பெட்டியக் கொண்டு வரக்கொள்ள எனக்கும் வெக்கமாத்தான் இரிந்த. முதலாவது வருசம் படலையச் சாத்திற்று உள்ள இரிந்திடுவமா எண்டு பாத்தன். திருப்பினனா?"

"இல்ல."

"அப்ப நீ மட்டும் ஏன் திருப்பிற? நீ என்ன என்னவிடப் பெரிய ஆளா?"

பெட்டியை உள்ளே கொண்டுபோய் அரிசியைக் கொட்டி, வெறும் பெட்டியை என் கையில் தந்தார். பொட்டலத்தைத் தானே பெட்டிக்குள் வைத்தார். பிறகு தேங்காய்க்கு முன்னால் போய் இருந்துகொண்டார். பேச்சு முடிந்தது.

திரும்பி வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. தொழுகைக்குப் போகும் ஆண்கள் புதுச் சாரனும் அத்தர் வாசமுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். நான் வேலி ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். போடியார் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றேன். உள்ளே போய்ப் பையை வைத்துவிடலாம். வைத்தால் அந்த மாமிக்கு வெட்கம். அதோடு தொழுகைக்கு நேரமும் இல்லை, அவர்கள் இனி வேறு ஆளைத் தேடிக் கொடுப்பதற்குள் தக்பீர் கட்டிவிடுவார்கள். என்னால் அவர்களுடைய பித்ரா பிழையாகும். வைக்காவிட்டால், நான் வாங்கியவள் ஆகிறேன். எது பிழை என்று தெரியாமல் அங்கே எவ்வளவு நேரம் நின்றேனோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தொழுகை தொடங்குவது கேட்டது. அதற்குப் பிறகு கொடுக்கவும் முடியாது, திருப்பவும் முடியாது. நேரம்தான் எனக்காகத் தீர்ப்புச் சொன்னது. நான் வீட்டுக்கு நடந்தேன்.

தங்கை கொடுத்துவிட்ட இறைச்சியைக் கழுவி அடுப்பில் ஏற்றினேன். உலை வைக்க அரிசி எடுக்க வேண்டும். எங்கள் நெல்லைக் குற்றிய அரிசி பானையில் கிடந்தது. அதை எடுக்கப் போய், அப்படியே நின்று, ராத்தாவின் பொட்டலத்தை அவிழ்த்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை அங்கே போனது.

கணவர் தொழுதுவிட்டு வந்தார். பிள்ளைகள் கைகொடுத்து முஸாபஹா செய்து காசு கேட்டார்கள், கொடுத்தார். சாப்பிட இருந்தவர், அறைக் கதவு திறந்திருந்ததால் பைகளைக் கண்டுவிட்டார். நான் அவற்றை ஒளிக்க மறந்து, நடு அறையிலேயே வைத்திருந்தேன்.

"அது ஆர்ட அரிசி?"

"நம்மட," என்றேன்.

பொய் சொல்கிறேன் என்று நினைத்தேன். உடனே, பொய்யா அது என்றும் தோன்றியது. கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், திருப்பப் போனவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், நேரமும் முடிந்துவிட்டது. பின்னே யாருடைய அரிசி?

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நெடுநேரம் வாயில் வைக்கவில்லை.

"தொழுதிட்டு வரக்கொள்ள போடியார் சலாம் சொல்லிக் கேட்டாரு," என்றார். "கிணறு சரி வந்திட்டா எண்டு."

"நீங்க என்ன சொன்ன?"

"இன்னும் இல்ல எண்டன்."

கிணறு கட்டி முடிந்து கிட்டத்தட்ட இரண்டு கிழமை ஆகியிருந்தது. அதில் அள்ளிய தண்ணீரில்தான் அவர் அன்று காலை குளித்தார். நாங்கள் கொடுக்கிற ஆக்கள் என்று முந்தின நாள் சொன்ன மனிதர், முடிந்த கிணற்றை முடியவில்லை என்று ஏன் சொன்னார்? போடியாரின் கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டதா? சரி வந்துவிட்டது என்றால் அரிசி அனுப்பியவருக்குச் சங்கடம் என்று பார்த்தாரா? அல்லது அவரும் என்னைப் போல அந்தக் கடைசி ஒன்பது நாளை யாருக்கும் சொல்லாமல் எண்ணிக்கொண்டு இருந்தாரா? வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே எண்ணினாரா?

கேட்டிருக்கலாம். கேட்டால் அவரும் திருப்பி என்னிடம் ஒன்று கேட்பார். நான் இன்னொரு அகப்பை சோற்றை எடுத்து அவர் பீங்கானில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.